பக்கத்து வீட்டுச் சனல்

கட்சிக்காரர் இராயப்பு, மற்றக் கட்சியின் ரீவிச் சனலைத் தன் வீட்டில் போடவே விடமாட்டார். ஒரு கிழமையாகப் பின்னேரமானால் முகம் வழித்து, பக்கத்து வீட்டு இளம் விதவை நிஷாந்தியிடம் ரீவி பார்க்கப் போனார்.

"எங்கட வீட்டிலயும் ரீவி இருக்குத்தானே?" என்று கேட்டாள் மனைவி அகஸ்ரினா.

"அங்க நல்லாத் தெரியுது. இந்தா வாறன்."

வயிறெரிய அவள் பின்னாலேயே போய்க் கதவைத் தள்ளினாள். நிஷாந்தி குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாள். இராயப்பு கதிரையில் தனியே இருந்து, அந்த மற்றக் கட்சிச் சனலைக் கண்கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதில் செய்தி வாசித்தவள், அங்கே வேலைக்குச் சேர்ந்ததற்காக அவர் வீட்டைவிட்டுத் துரத்திய மகள் ஜெனிஸ்ரா.

"பிள்ளை நல்லா மெலிஞ்சிட்டாள்," என்றார்.

அகஸ்ரினாவுக்கு அப்போதுதான் உண்மையான பொறாமை வந்தது.

"ஒரு கிழமையா என்னை விட்டிட்டு நீங்கள் மட்டும் பாத்தனீங்களே?"