‘ஷ்’ என்று முடியும் பெயர்

வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டின் ஒற்றை ஜன்னலில் மழை வெளிச்சம் சாம்பலாகக் கசிகிறது. சேலைத் தொட்டிலில் குழந்தை விரல்களை விரித்துத் தூங்குகிறது. பெயர் சூட்டுவதற்கு ஆட்கள் வரும் நேரம். தகப்பன் இசக்கிமுத்து இன்னும் கைபேசியில் பெயர் பொறுக்கிக்கொண்டிருக்கிறான். மூத்தவன் தர்ஷ், அண்ணன் பிள்ளைகள் ரித்தீஷ், லோகேஷ். இவனுக்கும் ‘ஷ்’ என்றே முடிய வேண்டுமாம். வேறு எழுத்தில் முடிந்தால் பிள்ளைக்குப் பால் செரிக்காது போலிருக்கிறது. “தன்வீஷ். சமஸ்கிருதம். உலகத்தை ஆள்பவன்” என்று வாசிக்கிறான். உலகத்தை ஆளப்போகிறவனின் தலைமாட்டில் கூரை ஒழுகி, அலுமினியச் சட்டியில் சொட்டுகிறது. “கிரிவிஷ். இதுவும் சமஸ்கிருதம்தான். வெற்றி.” அந்தக் கைபேசிக்கு எந்த உளறலும் சமஸ்கிருதம்தான்.

“ஏங்க, மாமா பேரையே வச்சிரலாமே” என்கிறாள் அவன் மனைவி மாரிச்செல்வி. மாமா என்பது போன மாசியில் செத்துப்போன அவளுடைய மாமனார். சுவரில் மாலையோடு தொங்குகிறார். “அந்தப் பேரெல்லாம் இப்ப யாரு வைக்கிறா. நாலு பேரு சிரிப்பாங்க” என்கிறான் இசக்கிமுத்து. மாரிச்செல்வி தொட்டிலின் ஆட்டத்தைக் கையால் நிறுத்துகிறாள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரை விட்டுச் சொல்லவைப்பவள் அவள். இப்போது குனிந்து, குழந்தையின் காதோரம், புருஷனுக்கும் கேட்கும்படி, “சுருளிவேலு” என்கிறாள். சட்டியில் ஒரு சொட்டு விழுகிறது.

இசக்கிமுத்து தலை நிமிரவில்லை. “அது ‘ஷ்’ல முடியலையே” என்றபடி அடுத்த பெயருக்கு விரலால் தள்ளுகிறான்.