செண்பகவல்லி செய்த பதினேழு குற்றங்கள்

கேமராவில் சிக்கும் போக்குவரத்துக் குற்றங்களை வீட்டில் யார் பெயரில் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று சட்டம் வந்ததும், கதிரேசன் தன்னுடையதையெல்லாம் அம்மா பெயரில் ஏற்றினான். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத செண்பகவல்லி எங்கே போகப்போகிறாள் என்று நினைத்தான்.

அவளுடைய தம்பி இறந்த அன்று வாடகைக் கார் வந்தது. அவள் ஏறி உட்கார்ந்ததும் இன்ஜின் நின்றுவிட்டது.

"இந்தம்மா பேர்ல பதினேழு குத்தம் நிக்குது சார். இவங்க உக்காந்தா வண்டி நகராது," என்றார் ஓட்டுநர்.

கதிரேசன் தலைகுனிந்ததிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஆமாம்ப்பா, நான்தான் சிக்னல்ல நிக்காமப் போயிட்டேன்," என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். "நீ போயி மாமாவுக்கு மாலை போட்டுட்டு வா, கண்ணு."

அவன் கார்க் கதவைச் சாத்தினான். மடியிலிருந்த மாலையைப் பார்த்தபடியே போனான்.