சிவப்பு எரிந்தால்

நாமக்கல் கோழிப்பண்ணை வீடுகளில் கழிப்பறைதான் மலத்தைச் சோதித்து, கோழியிடமிருந்து தொற்றும் நோயைக் கண்டுபிடிக்கும். அதிலுள்ள சிவப்பு விளக்கு எரியாமல் எந்த ஆஸ்பத்திரியும் சேர்த்துக்கொள்ளாது. எரிந்தால் ஆம்புலன்ஸ் வரும். கோழிகளை அழிக்கும் லாரியும் கூடவே வரும்.

மகள் நிதர்சனாவுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டதும் செங்கோடன் அவளைக் கழிப்பறைக்கு விடாமல் சோளக்காட்டுக்குக் கூட்டிப்போனார்.

"கோழியெல்லாம் நல்லாத்தான தீவனம் திங்குது? இவதான் கண்டதத் தின்னுருப்பா."

குழந்தையின் கண்கள் குழிவிழுந்தபோது மனைவி கோகிலாவுக்குப் பொறுக்கவில்லை.

"கோழி போனாப் போகுதுங்க. எனக்குப் புள்ள வேணும்." தூக்கிப்போய்க் கழிப்பறையில் உட்காரவைத்தாள். செங்கோடன் தடுக்கவில்லை.

"கொஞ்சமாவது போ சாமி."

"வரலம்மா."

அந்த உடம்பில் வெளியேற எதுவும் மிச்சமில்லை. விளக்கு எரியவில்லை.

செங்கோடன் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சோளக்காட்டுக்கு ஓடினார். அங்கே எல்லாம் வெயிலில் காய்ந்து மண்ணோடு மண்ணாகியிருந்தது.