கிணற்றுக்குள் ஒரு குரல்

பழைய பேய்ப்படம் ஒன்றை இந்தக் காலத்துக்கு ஏற்ப மறுபடி எடுத்திருந்தார் இயக்குநர் நிறைமதி. வெளியீட்டுக்கு முந்தைய திரையிடலில், செத்துப்போன கணவன் கிணற்றுக்குள்ளிருந்து மனைவியைப் பெயர் சொல்லி அழைத்தான். பழைய படத்தில் அரங்கமே அலறிய இடம் அது. இப்போது ஒருவரும் அசையவில்லை.

இடைவேளையில் நிறைமதி முன்வரிசைப் பெண்மணியிடம் குழப்பத்தோடு கேட்டார். "உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?"

"இதுல என்னங்க பயம்? எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாச்சு. அவர் குரலைக் கத்துக்கிட்ட ஆப் வழியா தினமும் போன்ல பேசுறாரு. காலைலகூட மாத்திரை போட்டியான்னு கேட்டாரு."

நிறைமதி காட்சியை மாற்றினார். இப்போது மனைவிதான் கிணற்றைப் பார்த்துக் கூப்பிடுகிறாள். கணவன் பதிலே பேசுவதில்லை.

மறுபடி திரையிட்டபோது அரங்கம் அலறியது. அதே பெண்மணி அவசரமாகப் போனை எடுத்தார். "என்னங்க, இருக்கீங்களா?" "அம்மா, கேக்குதா?" என்று இருட்டில் பல குரல்கள் எழுந்தன.

ஜெயித்த மகிழ்ச்சி நிறைமதிக்கு வரவில்லை. அவர் விரல்களும் தாமாகவே இறந்துபோன அப்பாவின் எண்ணை அழுத்தியிருந்தன.

"சொல்லும்மா" என்றது அப்பாவின் குரல்.

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. நிம்மதியினாலா, பயத்தினாலா என்று அவருக்கே புரியவில்லை.