கழுத்தில் ஒரு காவல்

"கழுத்துல கிடக்கிறதைக் கழட்டி வச்சுட்டுக் குளிங்க. பாத்ரூமுக்குள்ள எவன் வந்து திருடப் போறான்?" என்று கதவைத் தட்டினாள் மனைவி.

"நீ சும்மா இரு! இது போச்சுன்னா நானே போனேன்!" கணினிக்காரரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

பொன்னும் இல்லை, வைரமும் இல்லை. பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கயிற்றில் தொங்கவிட்ட ஒரு பென் டிரைவ். நிறுவனத்தின் புது வலைத்தளத்துக்கான ரகசியச் சாவி.

சாவி ஒரு கோப்பு. தளம் போலியல்ல என்று சான்றிதழ் கேட்கும் விண்ணப்பம் இன்னொரு கோப்பு. விண்ணப்பத்தைச் சான்றளிக்கும் அலுவலகத்துக்கு அனுப்பினால் கையெழுத்திட்டுத் தருவார்கள். சாவியையோ பெற்ற தாய்க்கும் காட்டக்கூடாது. போன தடவை ஒரு சாவி கசிந்து, பக்கத்து நாற்காலிக்காரர் மூட்டை கட்டினார். "அடுத்தது நீதான்" என்று மேலாளர் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

அதே மேலாளர் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டு, "அனுப்பியாச்சா? அனுப்பியாச்சா?" என்று நச்சரித்தார். இரட்டைப் பிள்ளைகள் போலிருந்த இரண்டு கோப்புகளில் ஒன்றை மின்னஞ்சலில் தட்டிவிட்டு, மற்றதைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டார் கணினிக்காரர். அப்புறம் பென் டிரைவை எங்கேயும் செருகிக்கூடப் பார்க்கவில்லை. காற்றுப் பட்டாலே களவு போய்விடும் என்று பயம்.

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் ஊரைவிட்டே ஓடிப்போனது. "அப்பா, அதுல எனக்குப் பாட்டு ஏத்தித் தாங்கப்பா" என்று மகள் கேட்டதற்கு அவர் போட்ட கூச்சலில் மாடிவீட்டுக்காரர் பதறி இறங்கி வந்தார். கட்டிலுக்கடியில் நுழைந்த நாய் இன்னும் வெளியே வரவில்லை.

நாளைக் காலை வலைத்தளம் திறப்பு. சான்றிதழைக் காணோம்.

"வேலை போயிடும்போல இருக்கே... பிள்ளையை எப்படிப் படிக்க வைப்பேன்?" ஈரத் தலையோடு கட்டிலில் சரிந்து விசும்பினார்.

"அழாதீங்க. அதான் சாவி பத்திரமா உங்க கழுத்துல இருக்கே" என்று தலையைத் துவட்டிவிட்டாள் மனைவி.

ஃபோன் அடித்தது. சான்றளிக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்.

"மேடம், கையெழுத்து ஆயிடுச்சா?" பென் டிரைவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி சார் ஆகும்? நீங்க அனுப்பினது விண்ணப்பம் இல்ல, சாவி. இங்க ஆபீஸே கூடி நின்னு பார்த்துட்டிருக்கு!"