நாலு மணிக் கோடு

மூன்று ஐம்பத்தாறு. மேகம் இன்னும் நகரவில்லை.

அவள் சாக்பீஸும் கையுமாகப் பாறையருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பள்ளி மைதானத்துப் பாறையில் ஒரு சூரியக் கடிகாரம். நடுவில் சாய்த்து நட்ட இரும்புக் கம்பி. காலை ஒன்பதிலிருந்து மணிக்கு மணி கம்பியின் நிழல் விழுந்த வழியில் அவள் புள்ளி வைத்தாள். பின்னாலேயே கல்தச்சர் சேசுராஜ் உளியால் வெட்டிக்கொண்டு வந்தார்.

நாலு மட்டும்தான் பாக்கி.

வருடத்தில் நாலே நாள்தான் சூரியன் கடிகாரத்தோடு தகராறு இல்லாமல் ஒத்துப்போகும். இன்று, ஏப்ரல் பதினைந்து, அதில் ஒன்று. அடுத்தது ஜூன் பதிமூன்று. அதைக் காலையிலேயே அவரிடம் சொல்லியிருந்தாள்.

மே முப்பத்தொன்றில் அவளுக்குப் பணி ஓய்வு. ஜூன் இரண்டில் புனே. இனி மகள் வீடுதான்.

மூன்று ஐம்பத்தெட்டு.

பாறை மேடும் பள்ளமுமானது. காலையில் ஒன்பது மணிப் புள்ளிகள் மேட்டில் ஏறியதும் வளைந்தன. டீச்சருக்குக் கை நடுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார் சேசுராஜ். முப்பது வருட வேலைக்காரருக்குக் கோணல் பொறுக்குமா? அவள் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் நூல் பிடித்து, நேராக வெட்டிவிட்டார்.

அவள் கத்தினாள். அறிவிருக்கிறதா என்றுகூடக் கேட்டுவிட்டாள்.

பத்து மணிக்கு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நிழலே மேட்டில் வளைவதைக் காட்டினாள். அதன்பின் அவர் ஒரு புள்ளியையும் விடாமல் வெட்டினார்.

நாலு.

நிழல் இல்லை.

நாலு ஒன்று. நாலு நாலு.

மேகம் விலகியபோது நாலு பதினொன்று. கூர்மையான நிழல், தப்பான இடத்தில்.

அவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரமும்தான்.

ஒரு கோடுதானே. யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

அவர் பையிலிருந்து நூலை அவளே எடுத்தாள். குத்துமதிப்பாக ஓரிடத்தில் ஒரு நுனியை அழுத்திக்கொண்டு, மறுநுனியை அவரிடம் நீட்டினாள்.

சேசுராஜ் அதைப் பிடிக்கவில்லை.

நூலை அவள் விரலிலிருந்து மெல்ல உருவிச் சுற்றினார். பைக்குள் போட்டார். உளியையும் துடைத்துப் போட்டார்.

“ஜூன்ல எந்தத் தேதின்னு சொன்னீங்க, டீச்சர்?”

அவள் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக் கோடு நேராகக் கிடந்தது.

பிறகு தேதியைச் சொன்னாள்.

சாக்பீஸை அவரிடம் கொடுத்தாள்.