பாயிண்ட் ஜீரோ சிக்ஸ்

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லண்ணே. வேணும்னா சத்தியம் பண்றேன்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

பட்டறை முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோளாறு என்றால் செலவோடு போகும். கோளாறே இல்லை என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"அப்புறம் ஏன் தம்பி ஒரு நாள் அளவு கச்சிதமா வருது, மறுநாள் கழுத்தறுக்குது?"

"டூல் பிடிக்கிற டரட் அசையல. பீஸைக் கவ்வுற சக் இறுக்கமா இருக்கு. மெஷினைச் சூடேத்தியும் பாத்துட்டேன், டயல் முள் ஒரு கோடு நகரல. ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. பாயிண்ட் ஜீரோ சிக்ஸ் மில்லிமீட்டர் கூட இருக்குன்னு நீங்க திருத்துறீங்க. அடுத்த பீஸ் அதே பாயிண்ட் ஜீரோ சிக்ஸ் குறைஞ்சு வருது. டூல் தேய்மானத்துக்கு இவ்வளவு கச்சிதமாக் கணக்கு வராதுண்ணே. யாரோ ஆஃப்செட்ல கை வைக்கிறாங்க."

ஆஃப்செட் என்பது பெரிய சிதம்பர ரகசியம் இல்லை. டூல் முனை எங்கே நிற்கிறது என்று, இரும்பு கடையும் லேத்துக்குச் சொல்லிவைக்கும் எண், அவ்வளவுதான். முதல் பீஸை அளந்து, கூடுதலாக இருப்பதை அந்த எண்ணில் கழித்துவிட்டால் மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும். அளவுக்கு மேல் கழித்தால் பீஸ் மெலிந்துவிடும். தடித்தால் சீவலாம், மெலிந்தால் ஒட்டவா முடியும்? பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். அப்படித்தான் நிறையப் போயிருந்தது.

"யாரோ என்ன யாரோ! இதோ நிக்கிறாரே, துரை!"

முதலாளி காட்டியது மச்சினனை. மனைவியின் தம்பி. வீட்டில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனும் அவன்தான், பட்டறையில் அந்த மெஷினை ஓட்டுகிறவனும் அவன்தான்.

"நேத்து என் கண்ணால பாத்தேன் தம்பி. நான் அந்தப் பக்கம் போனதும் ஆஃப்செட்டைத் திறந்து என்னமோ அமுக்கிட்டிருந்தான். ஏண்டான்னா கல்லுளிமங்கனாட்டம் நிக்கிறான். என்ன மாப்ளே, தொழில் கத்துக் குடுத்தவனுக்கே குழி வெட்டுறியா?"

மச்சினன் சாதாரணமாக வாயை மூடுகிற ஆள் இல்லை. அவன் பேச்சுச் சத்தம் நின்றால் பட்டறையே லீவு விட்ட மாதிரி இருக்கும் என்று மாமாவே கிண்டல் செய்வார். இன்றைக்கு அவன் தரையைப் பார்த்தபடி, "இன்னிக்கு மட்டும் முதல் பீஸை நான் அளக்கட்டுமா மாமா?" என்று கேட்டான்.

"பாலுக்குப் பூனை காவலா? ஒதுங்குடா! தம்பி, நீங்கதான் சாட்சி. இவன்தான் மாத்துறான்னு மட்டும் தெரியட்டும், பட்டறையிலும் இடமில்ல, வீட்டுலயும் இடமில்ல. இவங்க அக்கா தலைகீழா நின்னாலும் சரி."

குடும்பச் சண்டையில் மாட்டிக்கொண்டோமே என்று மெக்கானிக்குக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் வழி சொன்னார். "ஆஃப்செட்டைப் பூட்டிட்டு சாவியை நீங்களே வெச்சுக்குங்க. இவர் என்கூட வாசல்கிட்ட நிக்கட்டும்."

அப்படியே நின்றார்கள். முதலாளியே மெஷினை ஓட்டினார். முதல் பீஸ் வந்தது. முதலாளி மைக்ரோமீட்டரை வைத்து அளந்தார்.

"பாயிண்ட் ஜீரோ சிக்ஸ் கூட!" என்று உரக்கச் சொன்னார். சாவியைத் திருப்பினார். அந்த அளவைக் கழித்தார். பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுத் தட்டிக்கொண்டார். அவர் கைவேகத்தைப் பார்த்து மெக்கானிக்குக்கு மரியாதையே வந்தது.

அடுத்த பீஸை மாட்டப் போகும்போது போன் அடித்தது. ஆர்டர் கொடுத்தவர்.

"இன்னிக்கு நல்ல பீஸ் வந்துடும் சார்... வேற எடத்துல குடுத்துடாதீங்க சார்... குத்துக்கல்லாட்டம் நான் இருக்கேன், ஏன் கவலைப்படுறீங்க?"

போனை வைத்தார். மேஜையில் கிடந்த அதே முதல் பீஸை எடுத்தார். அளந்தார்.

"பாயிண்ட் ஜீரோ சிக்ஸ் கூட!" என்று உரக்கச் சொன்னார். சாவியைத் திருப்பினார். அந்த அளவைக் கழித்தார். பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுத் தட்டிக்கொண்டார்.

மெக்கானிக்குக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும், "அண்ணே..." என்று வாயெடுத்தார். மச்சினன் அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த பீஸ் வந்தது. அளந்த முதலாளியின் முகம் சிவந்தது.

"பாத்தீங்களா தம்பி! பாயிண்ட் ஜீரோ சிக்ஸ் குறையுது! சாவி என் பையில இருக்கு. நான் திருத்தினது ஒரே ஒரு தடவை, நீங்களே பாத்தீங்கல்ல? டேய், அங்கிருந்தே எப்படிடா மாத்தினே? சொல்லு, நீதானே?"

மெஷின் சத்தத்துக்கு நடுவே மச்சினன் மெக்கானிக்கின் காதருகில் குனிந்தான்.

"கொஞ்ச நாளாவே இப்படித்தான் சார். அவர் ரெண்டாவது தடவை போடுறதை அழிக்கத்தான் நான் கை வெச்சேன். அக்காவுக்கு இன்னும் தெரியாது" என்றான். பிறகு நிமிர்ந்து, பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"ஆமா மாமா, நான்தான் மாத்தினேன்."